பார்வையால் அளந்த வேலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் கைத்தறி நெய்பவர் தம் வேளையைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். ராஜபாளையத்தில் 1936-இல் தோன்றியது போன்ற நூற்பாலைகளில் அப்படியல்ல. ஒருவர் எத்தனை கதிர்களைக் கவனிப்பது என்பதே வழக்கு. 1928-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிகாரத்துடன் ஒருவர் பின்னால் நிற்பதை யார்தான் விரும்புவார்? மாஞ்செஸ்டர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் புள்ளியியலாளர் டிப்பெட்டுக்கு ஓர் ஆலை மேலாளரின் பேச்சு வழிகாட்டியது: நெசவாளர் பலரும் தறிமேல் குனிந்திருந்தால் பாவு அறுகிறது என்று பொருள். 1930-களில் டிப்பெட் அதைக் கணக்காக்கினார். எதிர்பாராத வேளைகளில் கூடத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு தறியும் ஓடுகிறதா, நிற்கிறதா, ஏன் என்று கோடிட்டுக் குறிக்க வேண்டும். ஆயிரம் பார்வையில் இருநூறு முறை தறி நின்றிருந்தால், நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீண். (நூறு பார்வை போதாது!) இழை அறுந்தே நின்றது என்று பட்டியல் காட்டினால், குறையை ஆளிடமல்ல, நூலிலும் பஞ்சிலும் முதலில் தேட வேண்டும்.