திருப்பித் தர வேண்டிய வரைபடம்

திருகோணமலையின் நிலத்தைவிட அதன் தண்ணீரை அளப்பதிலேயே வெளியார் முதலில் அக்கறை காட்டினார்கள். சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கத் துறையில்லை. வங்கக் கடலில் உலவிய கடற்படைகளுக்குத் திருகோணமலையின் ஆழமான உட்துறை உயிர்நாடியாக இருந்தது. அதனால்தான் போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் ஜனவரியில் ஆங்கிலேயரும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து நிலைத்தார்கள். எங்கே எத்தனை பாகம் ஆழம், எந்தப் பாறை நீருக்குள் மறைந்திருக்கிறது என்ற அறிவு பீரங்கிக்கு நிகரான ஆயுதமாக இருந்த காலம் அது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடல் வரைபடங்களைக் கப்பல் தலைவர்களுக்கு இரவலாகவே கொடுத்தது. பயணம் முடிந்ததும் அவற்றைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஆசியக் கடல்களுக்கான அந்த வரைபடங்கள் 1753இல்தான் வான் கியூலன் பதிப்பகத்தின் வழியாக அச்சேறின. வரைபடத்தைக் கொண்டு கப்பலோட்டியவனுக்கு அது சொந்தமில்லை. இந்தப் பழைய ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று இந்த மாவட்டத்தில் நில அளவைத் தொழில் தொடங்கும் ஓர் இளைஞர் எந்த மென்பொருளை வாங்குவது என்று யோசிக்கும்போது உண்மையில் எதைத் தீர்மானிக்கிறார் என்பது விளங்கும்.

கடல் இப்படி அளக்கப்பட்ட காலத்தில் கரையில் வேறொரு கணக்கு இருந்தது. கிழக்கின் உழவர்கள் வயலை விதைநெல்லால் அளந்தார்கள்: இத்தனை அவணம் விதைக்கும் காணி, இத்தனை மரக்கால் விதைக்கும் காணி. மண்ணின் வளத்துக்கேற்ப ஒரே அளவு விதை வெவ்வேறு பரப்பைக் குறிக்கும் என்பதால் இது நுட்பமான அளவு ஆகாது. ஆனால் ஊரில் எவரும் சரிபார்க்கக்கூடிய அளவு அது. ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடக்கிவைத்த நில அளவைத் திணைக்களம் சங்கிலியையும் ஏக்கரையும் கொண்டுவந்தது. அறுபத்தாறு அடிச் சங்கிலி, நூற்றறுபது பேர்ச் கொண்ட ஏக்கர் என்ற கணக்கு விதைநெல்லைவிடச் சந்தேகமின்றித் துல்லியமானது. இன்றும் உறுதிகளில் பேர்ச் நிலைத்திருப்பதே அதற்குச் சான்று. அந்தத் துல்லியம் யாருக்குப் பயன்பட்டது என்பது வேறு கேள்வி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம் மாறாக நிரூபிக்கப்படும் வரை அரசுக்குரியது என்று அனுமானித்தது. பல ஆண்டு இடைவெளியில் பயிர்செய்யப்படும் சேனை நிலத்தைக் கண்டிக்கு வெளியே இருந்த மாவட்டங்களில் அதே காட்டுக் கணக்கில் சேர்த்தது. நிரூபிக்கும் சுமை உழவர் தலையில். நிரூபிக்க உதவும் கருவியும் படமும் அரசின் கையில். பழைய அளவுக்குத் துல்லியம் இல்லை, புதிய அளவை ஊரார் சரிபார்க்க வழியில்லை. இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவில்தான் கிழக்கின் காணிப் பிணக்குகள் பல வளர்ந்தன.

துல்லியம் ஏன் அரசின் கையிலேயே நின்றது என்பதற்குச் செலவு ஒரு நேர்மையான காரணம். 1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனின் தியோடலைட் ஏறத்தாழ அரைத் தொன் எடை; அப்படியொரு கருவியைத் தனியாளால் நினைத்தும் பார்க்க முடியாது. இலங்கைக்கும் பின்னர் தனி முக்கோண வலை அமைந்தது. கந்தவளை நிலையம் அதன் ஆதாரப் புள்ளியாகவும், பிதுருதலாகலை மலை நாட்டின் ஆள்கூற்று வலையின் மையமாகவும் ஆயின. பழைய வலை அந்த மையத்துக்கு இரண்டு திசையிலும் 200,000 மீற்றர் என்று எண் கொடுத்தது, 1999இல் ஜி.பி.எஸ். அளவீடுகளைக் கொண்டு உருவான புதிய வலை 500,000 மீற்றர் என்று கொடுத்தது. மூன்று இலட்சத்தைக் கூட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. இரண்டு வலைகளின் அடித்தளமும் ஒன்றல்ல என்பதால் கூட்டிய பிறகும் ஒரு சிறு விலகல் மிஞ்சும். முந்நூறு கிலோமீற்றர்ப் பிழை உடனே கண்ணில் படும். மிஞ்சிய சிறு பிழைதான் அயலவரின் வேலிக்குள் போய் நிற்கும். ஆகவே நில அளவை மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த மாற்றத்தை எந்த எண்களைக் கொண்டு செய்கிறாய், அவற்றை நான் பார்க்க முடியுமா என்பதுதான்.

இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை குச்சவெளியிலிருந்து மூதூர் வரை எல்லைக்கல்லையும் வேலியையும் கரைக்கோட்டையும் கலைத்துப்போட்டது. அதன்பின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது என்றாலும், இடைக்காலத்தில் ஒரு மீனவக் குடும்பம் தன் பழைய வளவுக்குத் திரும்பலாமா என்பதை ஒரு நாடாதான் தீர்மானித்தது. கொட்டியார்க்குடாவின் தெற்கே சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். 2015இல் காணி விடுவிப்புத் தொடங்கியபோது, தோட்டமும் வீடும் அழிந்த தரையில் யாருடைய வளவு எங்கே என்பதை மீண்டும் காண வேண்டியிருந்தது. இத்தகைய ஊரில் நில அளவுப் படத்தின் ஆயுள் காணி கைமாறும் நாளோடு முடிவதில்லை. முப்பது ஆண்டு கழித்து, அதை வரைந்தவர் இல்லாத காலத்தில், இன்னொருவர் திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டிய சாட்சி அது.

இங்கிருந்து பார்த்தால், மலிவு என்பதன் பொருளே மாறுகிறது. பரவலாகப் பயன்படும் வரைவு மென்பொருளான ஆட்டோகேடைத் தயாரிக்கும் நிறுவனம் 2016 முதல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. சந்தா முடிந்தால் கோப்பு நம்மிடம் இருக்கும், அதைத் திருத்தும் கருவி இருக்காது. பயணம் முடிந்ததும் வரைபடத்தை ஒப்படைத்த கப்பல் தலைவரின் நிலைக்கு இது மிக நெருங்கியது. மறுபக்கம், அமெரிக்க இராணுவப் பொறியியலாளர்கள் 1982 அளவில் உருவாக்கத் தொடங்கிய கிராஸ் என்ற புவியியல் மென்பொருள் இன்று எவருக்கும் இலவசம். 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ், இலங்கையின் பழைய வலையையும் 1999 வலையையும் அறிந்து வைத்திருக்கிறது. எந்த எண்களைக் கொண்டு மாற்றுகிறது என்பதையும் திறந்து காட்டுகிறது. அரசும் படையும் மட்டும் வைத்திருந்த ஆற்றல் ஒரு மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. இது நமக்கு அந்நியமான மரபும் அல்ல. ஆழிப்பேரலை வந்த சில வாரங்களுக்குள் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற திறந்த மென்பொருள், பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

இலவசக் கருவியை நீதிமன்றம் நம்புமா என்று அனுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் பதிவு செய்வதும் பொறுப்பாக்குவதும் நில அளவையாளரை, அவருடைய மென்பொருளை அல்ல. படத்தின் கனம் அவருடைய கையொப்பத்திலும் களக்குறிப்பிலும் இருக்கிறது. வங்கியும் பொறியியலாளரும் ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. வடிவக் கோப்புக் கேட்கிறார்களே என்பது இதைவிட வலுவான தடை. அதை ஏற்கத்தான் வேண்டும். வரைவுக்காக நிரந்தர உரிமத்தோடு கிடைக்கும் குறைந்த விலை மென்பொருள் ஒன்றை வாங்குவது நியாயமான செலவு; கணிப்பையும் ஆள்கூற்று மாற்றத்தையும் காப்பகத்தையும் திறந்த கருவியில் வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும் என்பதும் உண்மை. அந்தக் காலமும் முதலீடுதான். கள்ளப் பிரதி இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்பாரும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது என்பது ஒரு பதில். உரிமைக்குச் சாட்சி சொல்வதே தொழிலாகக் கொண்டவர் பிறர் உரிமையைத் திருடிய கருவியால் சாட்சி சொல்லக்கூடாது என்பது எனக்கு அதைவிடப் பெரிய பதில்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் கையிலுள்ள பணத்தை நல்ல அளவைக் கருவிக்கும், அதைக் காலாகாலத்தில் சோதித்துச் சீர்செய்வதற்கும், வேலையை நாட்டின் ஆதாரப் புள்ளிகளோடு இணைப்பதற்கும் முதலில் செலவிடட்டும். மென்பொருளைத் தேர்வதற்கு ஒரு சோதனை போதும்: தொழிலை நாளைக்கே விட்டாலும், களக்குறிப்பும் ஆள்கூறும் படமும் யாருடைய அனுமதியும் இல்லாமல் அடுத்த நில அளவையாளரின் கையில் திறக்குமா? விதைநெல் அளவு ஊரார் எல்லோருக்கும் புரிந்தது; சங்கிலி அளவு துல்லியமாக இருந்தது. இரண்டையும் ஒரே படத்தில் தரும் வாய்ப்பு திருகோணமலையில் சிறு தொழில் நடத்தும் ஒருவருக்கு முதல் தடவையாக இப்போதுதான் வந்திருக்கிறது. சம்பூரிலோ குச்சவெளியிலோ தன் வளவைத் தேடி வரும் பிள்ளைக்கு அந்தப் படம் எடுத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.