உடல் எடையும் உணவின் அளவும்

மனித குலத்தின் நெடிய வரலாற்றில் பசியே பெரும்பகையாக இருந்து வந்தது. உணவு மிகுந்து உடல் பெருத்து, அதனைக் குறைக்க வழி தேடும் நிலை பெருஞ்செல்வர் இல்லங்களிலேயே காணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து போன்ற நாடுகளில் அது வணிகர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது. இன்று நம் உறவினருள் நாற்பதைக் கடந்தோர் நால்வர் கூடினால், சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் எடையும் பேச்சில் இடம்பெறாமல் போவதில்லை. இவ்வழியில் நமக்கு முன் நடந்தோர் எங்கே இடறினர், எங்கே வென்றனர் என்று அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

இலண்டனில் வாழ்ந்த வில்லியம் பான்டிங் (1796–1878) என்பவர் அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் இருந்தவர். ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவர், 1862 ஆகஸ்டு மாதத்தில் 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ எடை இருந்தார். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. மாடிப்படிகளில் பின்புறமாகவே இறங்க வேண்டியிருந்தது. செவியும் மந்தமாயிற்று.

எடையைக் குறைக்க அவர் பல்லாண்டுகள் முயன்றார். விடியற்காலையில் ஆற்றில் படகு வலித்தார். உடல் வலுத்தது, பசியும் உடன் வளர்ந்தது, எடை ஏறியது. ஐம்பது முறை வரை நீராவிக் குளியல் எடுத்தும் ஆறு பவுண்டுதான் குறைந்தது. கடல் நீராடினார், புகழ்பெற்ற ஊற்றுகளின் நீரைப் பருகினார், குதிரையேறினார். உணவை மிகக் குறைத்துப் பட்டினி கிடந்தபோது உடல் தளர்ந்தது, கட்டிகள் தோன்றின.

இறுதியில் செவிக்கு மருத்துவம் நாடிச் சென்ற இடத்தில்தான் வழி பிறந்தது. வில்லியம் ஹார்வி என்ற அம்மருத்துவர், பாரிசு நகரில் கிளாட் பெர்னார் என்னும் அறிஞர் கல்லீரலையும் சர்க்கரையையும் பற்றி ஆற்றிய உரைகளைக் கேட்டவர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு அவர் பணித்தார். ஓராண்டளவில் பான்டிங்கின் எடை 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ குறைந்தது. இடுப்பளவு பன்னிரண்டு அங்குலத்திற்கு மேல் சுருங்கியது. செவியும் தெளிந்தது. தம் அனுபவத்தை 1863இல் சிறு நூலாக எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவர் அல்லாதார் இத்துறையில் தலையிடலாகாது என்று மருத்துவ இதழ்கள் கண்டித்தன. ஆயினும் நூல் பரவியது. சுவீடன் நாட்டு மொழியில் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துதலைக் குறிக்கும் வினைச்சொல் இன்றும் அவர் பெயரிலிருந்தே வழங்குகிறது. எண்பத்தொரு வயது வரை அவர் வாழ்ந்தார்.

பான்டிங் உண்ட புலாலும் பருகிய மதுவும் நமக்கு ஏற்புடையன அல்ல. அவரிடம் நாம் கொள்ளத்தக்கது அவர் கடைப்பிடித்த ஒழுங்கு. அவர் தம் எடையை அவ்வப்போது நிறுத்துக் குறித்துக்கொண்டார். சில நாள் வருத்திவிட்டுக் கைவிடும் முறையை நீக்கி, நாள்தோறும் தொடரக்கூடிய முறையை ஏற்றார். தோற்ற முயற்சிகளையும் மறையாது எழுதினார்.

பட்டினி ஏன் நிலைத்த பயன் தரவில்லை என்பதற்கு விடை எண்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர் முப்பத்தறுவர், போரால் பசித்துக் கிடந்த மக்களை மீட்கும் வழியை அறிவதற்காகத் தம் உடலையே ஆய்வுக்கு அளித்தனர். கொல்லாமையைப் போற்றும் நாம் நினைந்து வணங்கத்தக்க செயல் இது. 1944 இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் அவ்வாய்வைத் தொடங்கினார். ஆறு மாதம் ஏறத்தாழப் பாதி உணவே வழங்கப்பட்டது. அவர்களின் எடை கால் பங்கு அளவு குறைந்தது. மனமோ சோறு ஒன்றையே சுற்றியது. சமையல் நூல்களைப் படித்தனர், தட்டை நக்கினர், சோர்ந்து சினந்தனர். கட்டுப்பாடு நீங்கியதும் பலர் அளவின்றி உண்டனர்; இழந்த தசைக்கு முன்னர்க் கொழுப்பே திரும்பி வந்தது. அளவுகடந்து ஒடுக்கினால் உடல் பசியைப் பெருக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

நம் இல்லங்களில் சிலர் உண்ணா நோன்பையே எடைக் குறைப்பு முறையாகக் கருதத் தொடங்கியிருப்பதால் இது நமக்கும் உரிய செய்தி. நோன்பு வினை உதிர்வதற்கான தவம், எடைக்கருவியில் காட்டுவதற்கன்று. பகல் முழுதும் உண்ணாதிருந்து, மறுநாள் இனிப்பும் நெய்யுமாக அதை ஈடுசெய்தால் தவமும் நிறைவதில்லை, உடலும் இலேசாவதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் மருத்துவரைக் கேளாது பட்டினி கிடப்பது உயிருக்கே இடராகலாம்.

புறத்தவங்கள் ஆறனுள் உண்ணாமைக்கு அடுத்து வைக்கப்பட்டது அவமௌதரியம், அதாவது வயிறு நிறையாமல் உண்ணுதல். ஆடவர்க்கு முழு உணவு முப்பத்திரண்டு கவளம் என வகுத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துப் பழகும் முறையை முன்னோர் கூறினர். அதன் நோக்கமும் உடல் மெலிதல் அன்று, புலனடக்கமே. எனினும், சிறிது சிறிதாகவும் இடையறாமலும் குறைக்க வேண்டும் என்ற அம்முறை, பான்டிங்கின் வெற்றியோடும் மினசோட்டா ஆய்வின் எச்சரிக்கையோடும் ஒத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆதலின் இவ்விழா நாளில் இனிப்பை முற்றும் மறுக்க வேண்டுவதில்லை. இரண்டாம் முறை பரிமாற வருவோரிடம் போதும் என்று சொல்வோம். மாதம் ஒரு முறை எடையையும் இடுப்பளவையும் குறித்து வைப்போம். விருந்தோம்பும் அன்னையரும் அச்சொல்லைக் கேட்டு வருந்தாது, மகிழ்ந்து ஏற்பார்களாக.