வந்த பெத்தி முதல் நிலத்தடி நீர் வரை: வதந்திக்கு முத்திரை குத்தினது யார்?

சமூக ஊடகங்களில வாற சுகாதாரத் தகவல்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்லுறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை விடுகிறார். அதை எங்கட பெரியம்மா பத்துக் குழுக்களுக்கு அனுப்புறா. பிறகு வைத்தியர்களும் அரசாங்கமும் வந்து அது பிழை என்று திருத்துகிறார்கள். பெரியம்மாமார் பாவம், எல்லாப் பழியும் அவையளிட்ட.

இந்தக் கதை முழுப்பொய் இல்லை. ஆனால் 2018 முதல் 2021 வரை இலங்கையில் நடந்ததை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், பிழையான தகவல் கீழேயிருந்து மேலே போனதும் நடந்திருக்கிறது, மேலேயிருந்து கீழே வந்ததும் நடந்திருக்கிறது. ஆக்களுடைய வாழ்க்கையை அதிகம் குலைத்தது இரண்டாவதுதான் என்பது என்னுடைய எண்ணம்.

அம்பாறையில் இருந்து தொடங்குவோம். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடக்கிறது என்று சத்தம் போடுகிறார். சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை இது, சிங்களத்தில் 'வந்த பெத்தி', என்று கூட்டம் சேருகிறது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாரோ, பயத்தில் சொன்னாரோ, ஓம் போட்டோம் என்ற மாதிரி ஒரு பதில். அதை யாரோ கைத்தொலைபேசியில் பிடித்துவிட்டார்கள். கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. காணொளி முகநூலில் ஊர் ஊராகப் போனது.

அரச பகுப்பாய்வாளர் பிறகு பரிசோதித்துப் பார்த்தால் அது வெறும் மாக்கட்டி. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. கருத்தடை மாத்திரையை ஒழுங்காக ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டும், நிறுத்தினால் கரு தங்கும். இது பாடசாலைச் சுகாதாரப் பாடத்தில் இருக்க வேண்டிய விசயம். இருந்திருந்தால் அந்தக் காணொளி சிரிப்புக் காணொளியாகப் போயிருக்கும்.

ஆனால் அந்த விளக்கம் வந்து சேருவதற்குள் மார்ச் முதல் வாரம் பிறந்துவிட்டது. வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்துபோக, திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்களும் போயின. மார்ச் 6 அவசரகால நிலை. அடுத்த நாள் முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கம். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. (அந்த வாரத்தில்தான் நாட்டில் பாதிப்பேர் விபிஎன் என்றால் என்ன என்று படித்தார்கள்.) 2018 வன்முறையில் தன்னுடைய தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் வருகிற வெறுப்புப் பதிவுகளைப் பார்க்கச் சிங்களம் தெரிந்த ஆக்கள் அவர்களிடம் போதியளவு இருக்கவில்லை என்பது அதற்கு முதலே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இந்த மலட்டு மாத்திரைக் கதை முகநூலில் பிறந்தது என்று எழுதினால் சரித்திரம் பிழைக்கும். 2012, 2013 காலத்திலேயே முஸ்லிம் துணிக்கடைகளில் சிங்களப் பெண்களுக்கு மருந்து கலந்த ரொபி கொடுக்கிறார்கள், உள்ளாடைகளில் மருந்து பூசியிருக்கிறார்கள் என்ற கதைகள் மேடைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் சுற்றின. ஹலால் எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலம் அது. முகநூல் அந்தக் கதைக்குக் கால் பூட்டி விட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு விசயத்தையும் இங்கே சொல்லவேண்டும். இனப்பெருக்கத்தின் மீது அரசு கை வைக்கிறது என்ற பயத்துக்கு இந்த நாட்டில் உண்மையான அடிப்படை இருந்த ஆக்கள் இருக்கிறார்கள். 1980 முதல் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசு காசு கொடுத்தது. சம்பளம் அன்றாடச் செலவுக்கே காணாத தோட்டத்து லயங்களில் அந்தக் காசுக்கு என்ன பெறுமதி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குடிசன சுகாதார அளவீடுகளைப் புரட்டினால், நிரந்தரக் கருத்தடை செய்த பெண்களின் விகிதம் தோட்டத்துறையில் நாட்டின் சராசரியை விட மிக அதிகம். 2013 ஓகஸ்ட் மாதம் கிளிநொச்சி மாவட்டத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமத்துப் பெண்கள், தங்களுக்குச் சரியாக விளங்கப்படுத்தாமல், சம்மதம் ஒழுங்காக எடுக்காமல் கையில் கருத்தடைக் குச்சி வைத்துவிட்டார்கள் என்று முறையிட்டார்கள். இந்த இரண்டு விசயங்களுக்காகவும் யாரும் ஒரு கடையையும் உடைக்கவில்லை. பெரும்பான்மையின் கற்பனைப் பயம் ஒரு இரவில் நாடெல்லாம் பரவியது. மலையகத்துப் பெண்ணின் அனுபவம் ஆய்வுக் கட்டுரைகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. எந்தச் சுகாதாரத் தகவல் வைரலாகும், எது ஆகாது என்பதைத் தீர்மானிப்பதில் அல்கோரிதத்துக்குப் பங்கு இருக்கிறதுதான். அதற்கு முதலே அதைத் தீர்மானிக்கிற ஒரு நாடும் இருக்கிறது.

அம்பாறைக்குப் பிறகு குருநாகல். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம் கழித்து, மே 23 அன்று 'திவயின' பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தி: ஒரு முஸ்லிம் வைத்தியர் சிசேரியன் செய்யும்போது 4000 சிங்களப் பௌத்தத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கிவிட்டார். பெயர் போடாத செய்தி. ஓரிரு நாளுக்குள் குருநாகல் போதனா வைத்தியசாலையில் வேலை செய்த வைத்தியர் ஷாபி கைதானார். அதன் பிறகு நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாட்டோடு வந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். அந்தப் பெண்களைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது பிள்ளை தங்கவில்லை என்று வருடக்கணக்காகக் கவலைப்பட்ட ஒரு பெண், சிசேரியன் செய்தவரின் பெயரைப் பத்திரிகையில் பார்த்தால் வேறு என்ன நினைப்பாள்? சிசேரியனுக்குப் பிறகு கரு தங்காமல் போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அதை ஒருவரும் அவளுக்கு இருந்து விளங்கப்படுத்தவில்லை. எங்கட அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். அந்த வெற்றிடத்துக்குள்தான் பத்திரிகை வந்து உட்கார்ந்தது.

ஆனால் பத்திரிகை ஆசிரியருக்கு விசாரிக்க வசதி இருந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு வைத்தியர் தனியாக நிற்பதில்லை. மயக்கமருந்து கொடுப்பவர், தாதியர், உதவி வைத்தியர் என்று ஒரு கூட்டமே நிற்கும். அத்தனை பேருடைய கண்ணுக்கும் படாமல் பலோப்பியன் குழாயை நசுக்குவது, அதுவும் ஆயிரக்கணக்கான தடவை, நடக்கக்கூடிய காரியமா என்று எந்த மகப்பேற்று நிபுணரிடமும் கேட்டிருக்கலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்துவிட்டு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலை 25 அவருக்குப் பிணை கிடைத்தது. வேலைக்குத் திரும்ப வருடங்கள் எடுத்தன. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்து ஆடிய நேரத்தில், நிலுவையாக வந்த இருபத்தாறு இலட்சத்துக்கு மேற்பட்ட சம்பளக் காசை மருந்து வாங்குவதற்கென்று அவர் சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்தார். அந்தச் செய்தி எத்தனை பேரின் முகநூல் சுவருக்கு வந்து சேர்ந்தது?

பிறகு கொவிட். வடக்கில் முதல் தொற்றுகள் 2020 மார்ச்சில் சுவிஸிலிருந்து வந்த ஒரு போதகரின் ஆராதனையோடு தொடர்புபட்டவை. அதில் கலந்துகொண்ட ஆக்களைத் தமிழ் முகநூல் எப்படித் திட்டித் தீர்த்தது என்பது எங்கட வீட்டுக் குப்பை, அதையும் மறைக்கத் தேவையில்லை. கொத்தமல்லி, இஞ்சி, வேப்பிலை எல்லாம் அந்த மாதங்களில் சஞ்சீவி ஆகின. அரச அறிவித்தல்களின் தமிழ் வடிவம் பிந்தி வரும், பிழையோடு வரும். ஊரடங்கில் வீட்டுக்குள் இருக்கிறவன் குரல் பதிவைத்தான் கேட்பான்.

இவை நடந்துகொண்டிருக்க, உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24 அன்று ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. கொவிட்டால் இறந்தவரின் உடலைப் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பிரச்சினையில்லை. இலங்கைச் சுகாதார அமைச்சின் ஆரம்ப வழிகாட்டலும் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. மாத முடிவில் முதலாவது முஸ்லிம் நோயாளி இறந்தார். அதோடு வழிகாட்டல் மாறியது. ஏப்ரல் 11, 2170/8 இலக்க அதிவிசேட வர்த்தமானி: எரிப்பு மட்டும்தான். காரணம், புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீருக்குள் போய்விடும்.

வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும். உடல் இறந்தால் கலங்களும் இறந்துவிடும். கொவிட் மூச்சால் பரவுகிற நோய், கிணற்றுத் தண்ணீரால் வருகிற வாந்திபேதி இல்லை. நோயாளிகளின் மலசலம் எல்லாம் நாடு முழுக்க மலக்குழிகளுக்குள் போய்க்கொண்டிருந்தபோது ஒருவரும் நிலத்தடி நீரை நினைக்கவில்லை. ஆறடிக்குக் கீழே சுற்றிக் கட்டிய உடல்தான் ஆபத்து என்றார்கள்.

இதைக் குரல் பதிவாக யாராவது அனுப்பியிருந்தால் போலித் தகவல் என்று முத்திரை குத்தியிருப்போம். இது வர்த்தமானியில் வந்தது. பேராசிரியர் பட்டங்களோடு தொலைக்காட்சியில் வந்தது. சரியான தகவல், அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் அந்த வழிகாட்டல், பெரும்பாலும் முகநூலில்தான் சுற்றியது. கொவிட் விசயத்தில் அதிகாரிகளை விமர்சிப்பவர்களைக் கைது செய்வோம் என்று பொலிஸ் அறிவித்ததும் அதே ஏப்ரல் மாதத் தொடக்கத்தில்தான். முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரத்துக்குப் பேனாவாலும் கீபோர்டாலும் பதில் சொல்வோம் என்று முகநூலில் எழுதிய ரம்ஸி ராசிக் ஏப்ரல் 9 கைதாகி, ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில்.

அதேநேரம் கேகாலையில் ஒரு பாணி வந்தது. தேனும் சாதிக்காயும் கலந்தது, காளியம்மன் சொல்லிக் கொடுத்தது என்றார் தயாரித்தவர். 2020 டிசம்பர் 8 அவருடைய வீட்டுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான சனம், இடைவெளி கிடைவெளி ஒன்றும் இல்லை. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதை எல்லாருக்கும் முன்னால் குடித்தார். அதற்கு முதல் மாதம் ஆற்றில் முட்டி போட்டவரும் அவர்தான். 2021 ஜனவரியில் அவருக்குத் தொற்று உறுதியானது. மீம்ஸ் போட்டு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரிப்புக்கு நடுவில், அந்தப் பாணிக்காகச் சனம் குவிந்ததற்கு மறுநாள், டிசம்பர் 9, பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தை பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பொரளையில் எரிக்கப்பட்டது. அந்த மயானத்து வேலியில் ஆக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

கட்டாய எரிப்பை எதிர்த்த மனுக்களை டிசம்பர் 1ஆம் திகதியே உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்திருந்தது. வருட முடிவில் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும், அடுத்து இலங்கை மருத்துவச் சங்கமும் புதைக்கலாம் என்று சொன்னார்கள். சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒன்பது மாதம் எடுத்தது. வைத்தியர்களில் பலருக்கு முதல் நாளிலேயே இது தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்கு ஜீரணிக்க முடியாத விசயம்.

2021 பெப்ரவரி 25 வர்த்தமானி மாறியது. அப்போதும் எங்கே புதைப்பது என்பதற்கு முதலில் கைகாட்டிய இடம் இரணைதீவு. கடற்படையிடம் இருந்து 2018இல் தான் தங்கட மண்ணுக்குத் திரும்பின கத்தோலிக்க மீனவ மக்களின் தீவு. அவர்கள் போராட்டத்துக்கு இறங்கினார்கள். எரிக்கச் சொன்னதும் கொழும்பு, புதைக்க இடம் காட்டினதும் கொழும்பு, சண்டை பிடிக்க வேண்டியது மட்டும் தமிழரும் முஸ்லிமும். மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் அங்கே 3,600க்கு மேற்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் கூட இருக்கிறார்கள்.

கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. புதைத்த இடங்களைச் சுற்றியுள்ள தண்ணீரை ஆராய்ந்து பார்த்ததில் அடக்கத்தால் ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டதாம். ஒரு ஆய்வு 2021இல் நடந்தது, மற்றது 2024இல். வர்த்தமானி வந்தது 2020 ஏப்ரலில்.