லினக்சில் மாற்றமைத்த விளையாட்டுகள்

கணினி விளையாட்டின் வரைபடம், பாத்திரங்கள், ஒலி, விதிகள் ஆகியவற்றைத் திருத்த விளையாடுவோரே உருவாக்கும் தொகுப்பு 'மாட்' எனப்படுகிறது. லினக்சு போன்ற கட்டற்ற இயங்குதளத்தில் இத்தகைய விளையாட்டுகளை இயக்கும் வழக்கத்திற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உண்டு.

தொடக்கம்

1993 டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாப்ட்வேர் நிறுவனம் 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. அதன் நிலைகளும் படங்களும் ஒலிகளும் 'வாட்' என்னும் தனிக் கோப்பில் இருந்தன. ஆகவே முதன்மை நிரலைத் தொடாமலேயே புதிய நிலைகளைச் சேர்க்க முடிந்தது. 1997 டிசம்பரில் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. டாஸ் பதிப்பின் ஒலி நிரலகம் பிறருக்கு உரிமையானது என்பதால், வெளியானது லினக்சுப் பதிப்பின் நிரலே. 1999இல் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதிலிருந்து பிறந்த புதிய நிரல்களில் பழைய வாட் கோப்புகள் இன்றும் இயங்குகின்றன.

விண்டோசு விளையாட்டுகள்

பெரும்பாலான விளையாட்டுகளின் மூலநிரல் மூடியே இருந்தது. விண்டோசுக்கான மென்பொருள்களை லினக்சில் இயக்க 1993இல் 'வைன்' திட்டம் தொடங்கியது. அதன் வழிவந்த 'புரோட்டான்' கருவியை வால்வு நிறுவனம் 2018இல் வெளியிட்டது. 2022இல் வந்த அந்நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கருவி, பயனர் விருப்பப்படி மாற்றக்கூடிய கேடிஇ பிளாஸ்மா பணிமேடையைக் கொண்டது.

மாட்களை நிறுவுவதில் இரு சிக்கல்கள் அடிக்கடி எழும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்சு வேறுபடுத்துவதால், ஒரே பெயரில் இரு கோப்புறைகள் உருவாகி, விளையாட்டு ஒன்றை மட்டுமே காணக்கூடும். இவ்வேறுபாட்டைக் குறிப்பிட்ட கோப்புறைகளில் நீக்கும் வசதி, 2019இல் லினக்சு 5.2 கருவில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்குச் சேர்க்கப்பட்டது. மற்றொன்று, சில மாட்கள் தரும் டிஎல்எல் கோப்புக்கு மாறாக வைன் தன்னுடையதையே பயன்படுத்துவது. எதை முதலில் ஏற்க வேண்டும் என்பதைப் பயனர் அமைப்பில் குறிப்பிட்டு இதைத் தீர்க்கலாம்.

தமிழ்நாடும் புதுச்சேரியும்

சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்சை 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸும் இடம்பெற்றது. மாற்றத்தக்க இயங்குதளம் மாணவர் கைக்கு வந்தபோது புரோட்டான் இல்லை. விண்டோசு விளையாட்டுகள் பலவற்றை லினக்சில் இயக்கப் பொறுமையும் தேர்ச்சியும் தேவைப்பட்டன. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் பணியைக் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் செய்துவருகிறது.

எல்லை

இணையவழிப் போட்டி விளையாட்டுகள் சில, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்சில் இன்றும் இயங்குவதில்லை. மூடிய விளையாட்டில் நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பே மாட்டைச் செயலிழக்கச் செய்யலாம். மூலநிரல் கிடைத்த டூமிலோ, விளையாட்டையும் மாட்டையும் பயனர்களே பேணி வருகின்றனர்.