ஓடியும் குளிராத ஏ.சி.

இன்டோரில் காற்று வருகிறது, அவுட்டோரில் விசிறி சுற்றுகிறது, மின்மீட்டரும் ஓடுகிறது. அறை மட்டும் குளிரவில்லை. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் ஏ.சி. மெக்கானிக்குகளைத் தேடி வரும் வழக்கமான புகார் இது. அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே: "கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணணும்." சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பழுது தேடும் வரிசையில் கேஸைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். அதைவிட மலிவான, அடிக்கடி நேர்கிற காரணங்கள் அதற்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. கேஸ் குறைந்திருந்தாலும்கூட, அது ஏன் குறைந்தது என்று கேட்காமல் நிரப்புவது பழுதைச் சரிசெய்வதாகாது.

இதற்குக் காரணம் எந்திரம் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி.யின் செம்புக் குழாய்களுக்குள் ஓடும் குளிர்பதனி அறைக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி வெளியே தள்ளும். அவுட்டோரிலுள்ள கண்டன்சர் காயிலில் அது வெப்பத்தைக் காற்றிடம் விட்டுத் திரவமாகும். பிறகு கேப்பிலரி என்ற மெல்லிய குழாயின் வழியாகவோ எக்ஸ்பான்ஷன் வால்வின் வழியாகவோ அழுத்தம் இழந்து, மறுபடி உள்ளே வரும். இது மூடிய சுற்று. சமையல் கேஸைப் போல இங்கே எதுவும் எரிந்து தீர்வதில்லை. வீட்டு எந்திரங்களில் பொதுவாக அரைக் கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் தொழிற்சாலையிலேயே அடைக்கப்படும் அந்தக் கேஸ், கசிவு இல்லையென்றால் எந்திரத்தின் ஆயுள் முழுக்கப் போதும். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் மாத்தணும்" என்ற பேச்சுக்கு அடிப்படையே கிடையாது. அதே சமயம், இந்தச் சுற்று இரண்டு காயில்களையும் அவற்றின் மேல் காற்றை ஓட்டும் இரண்டு விசிறிகளையும் நம்பி நிற்கிறது. தூசி, காற்றோட்டம், மின்சாரம் ஆகிய மூன்றும் வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறுபவை. மூடிய குழாய்க்குள் இருக்கும் கேஸ் அப்படி மாறுவதில்லை. ஆகவே தேடலை மாறக்கூடிய பக்கத்திலிருந்து தொடங்குவதே முறை.

முதலில் ரிமோட். ஃபேன் மோடிலோ டிரை மோடிலோ தெரியாமல் மாறிக் கிடப்பது கேலிக்குரிய காரணமாகத் தோன்றும். ஆனால் அது நடப்பதுதான். ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பதையும் நினைவில் வைக்கலாம். அறை 24 டிகிரியைத் தொட்டதும் எந்திரம் ஓய்வெடுப்பது பழுதாகாது. அடுத்தது இன்டோரின் காற்று. முன்மூடியைத் தூக்கினால் கையோடு வரும் வலை ஃபில்டர் சாலையோர வீடுகளில் இரண்டு மூன்று வாரங்களிலேயே சாம்பல் நிறப் போர்வை போர்த்திக்கொள்ளும். அதைத் தாண்டிப் போகும் நுண்தூசி ஈரமான காயிலின் ஃபின்களுக்கு இடையில் படிந்து பிசினாகும். இன்னும் கொஞ்சம் போய், நீள உருளையாக இருக்கும் பிளோயரின் ஒவ்வொரு இதழிலும் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஃபில்டரைக் கழுவிவிட்டு, "கிளீன் பண்ணியும் குளிரல" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பிளோயர்தான் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. டார்ச் அடித்து, காற்று வெளியேறும் வாய்க்குள் பார்த்தால் தெரிந்துவிடும்.

காற்று குறைந்தால் காயில் மிதமிஞ்சிக் குளிர்ந்து, அதன்மேல் படியும் ஈரம் உறையும். பனிக்கட்டி மூடிய காயில் காற்றை இன்னும் தடுக்கும். ஓரிரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் போய், நிறுத்தியதும் சுவரில் தண்ணீர் வழிகிற ஏ.சி.யில் நடப்பது இதுதான். ஆனால் இந்த உறைவைக் கேஸ் குறைவும் உண்டாக்கும். இரண்டையும் பிரிப்பது உறையும் இடம். காற்றுத் தடையால் வரும் பனி காயில் முழுக்கப் பரவும். கேஸ் குறைவால் வருவது திரவம் நுழையும் முனையிலும் மெல்லிய குழாயிலும் தொடங்கும். காயிலின் மீதிப் பகுதி காய்ந்து கிடக்கும். அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் இணையும் இடத்திலும் இதைப் பார்க்கலாம். பெரும்பாலான ஸ்பிளிட் எந்திரங்களில் அழுத்தம் குறைக்கும் பகுதி அவுட்டோருக்குள்ளேயே இருப்பதால், சரியாக ஓடும் எந்திரத்தில் இரண்டு குழாய்களும் குளிர்ந்து வியர்த்திருக்கும். மெல்லியது வெள்ளையாகப் பனி பூத்து, பருத்தது காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால்தான் கேஸ் மீது சந்தேகம் வலுக்கும்.

அவுட்டோரின் வேலை உள்ளே எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரசர் செலவழிக்கும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியேற்றுவது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட். ஒன்றரை டன் எந்திரம் முழுவீச்சில் ஓடும்போது 6 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தைப் பின்பக்கம் கொட்டியாக வேண்டும். அடுக்ககங்களில் அவுட்டோரை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் புரியும்: துணி காயும் பால்கனி, நாலு வீட்டு எந்திரங்கள் முகத்தோடு முகம் பார்க்கும் குறுகிய சந்து, அழகுக்காக மரப்பட்டை அடித்து மூடிய கூண்டு. வெளியேறும் சூடான காற்றே திரும்பவும் உள்ளே இழுக்கப்பட்டால், எந்திரத்தைப் பொறுத்தவரை வெளி வெப்பம் 45 டிகிரிக்கும் மேல். இதன் அடையாளம் காலநேரம். இரவிலும் அதிகாலையிலும் நன்றாகக் குளிர்ந்து பிற்பகலில் மட்டும் தடுமாறும் ஏ.சி.க்கு முதலில் செய்ய வேண்டியது கண்டன்சர் காயிலைக் கழுவுவதும் அதன் முன்னும் பின்னும் இடம் விடுவதும். கழுவும்போதும் ஒரு எச்சரிக்கை: அதிக அழுத்த ஜெட்டைச் சாய்வாக அடித்தால் மெல்லிய அலுமினிய ஃபின்கள் மடிந்து, தூசி அடைத்ததைவிட மோசமாகக் காற்றை அடைக்கும்.

அவுட்டோரின் முன்னால் கையை நீட்டுவது காசில்லாத சோதனை. சூடான காற்று அடித்தால் கம்ப்ரசர் வேலை செய்கிறது, வெப்பம் வெளியேறுகிறது. விசிறி சுற்றியும் காற்று சாதாரணமாகவே இருந்தால் கம்ப்ரசர் ஓடவில்லை, அல்லது அழுத்துவதற்குக் குழாயில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பழைய, ஒரே வேகத்தில் ஓடும் எந்திரங்களில் முதல் வகைக்கு அடிக்கடி காரணமாவது கெப்பாசிட்டர். அதன் மைக்ரோஃபாரட் அளவு குறைந்ததும் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் சில நொடிகள் உறுமி, 'டக்' என்று ஓவர்லோடில் நின்றுவிடும். ஆறியதும் மறுபடி முயலும். கோடைகால மாலையில் தெருவே ஏ.சி. போடும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்தாலும் இதே உறுமல்தான் கேட்கும். கெப்பாசிட்டர் மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் வீட்டுக்காரர் கைவைக்கும் இடம் அன்று. இன்வெர்ட்டர் எந்திரங்களில் இந்தப் பொறுப்பு பி.சி.பி. போர்டுக்குப் போய்விட்டது, அங்கே டிஸ்பிளேயில் வரும் பிழை எண்தான் முதல் தடயம்.

இவ்வளவையும் ஒரு வெப்பமானியால் சுருக்கலாம். எந்திரம் கால் மணி நேரம் ஓடிய பிறகு, இன்டோரின் மேற்புறம் இழுக்கப்படும் காற்றின் வெப்பத்தையும் கீழே வெளிவரும் காற்றின் வெப்பத்தையும் அளந்தால், நல்ல நிலையில் வேறுபாடு ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். வேறுபாடு பெரிதாகவும் காற்று மந்தமாகவும் இருந்தால் அடைப்பு. காற்று பலமாக வந்தும் வேறுபாடு மூன்று நான்கு டிகிரியில் நின்றால் அவுட்டோர், கம்ப்ரசர், கேஸ் ஆகியவற்றில் ஒன்று. இரண்டும் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையென்றால் குற்றம் எந்திரத்தில் இல்லை: பகல் முழுக்க வெயில் வாங்கிய மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே உள்ள அறைக்கு அந்த டன் போதவில்லை, அல்லது கதவிடுக்கு வழியே வெளிக்காற்று வருகிறது. இந்த அளவில் கடலோர ஊர்களுக்கு ஒரு திருத்தம் தேவை. வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக முதல் நவீன குளிர்சாதனத்தை வடிவமைத்ததே காகிதத்தைச் சுருக்கி விரிக்கும் ஈரப்பதத்தை அடக்கத்தான். இன்றைய எந்திரமும் தன் சக்தியில் ஒரு பங்கை ஈரத்தைப் பிழிவதில் செலவழிக்கிறது. மணிக்கு 2 லிட்டர் தண்ணீர் டிரெய்ன் குழாயில் சொட்டினால், அதற்கே ஏறக்குறைய 1.4 கிலோவாட் போகிறது. ஒன்றரை டன்னில் கால் பங்கு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ புழுக்கமான நாளில் வெப்ப வேறுபாடு 8 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்குவது இதனால்தான். மறுபக்கம், அப்படிப்பட்ட நாளில் ஒரு மணி நேரம் ஓடியும் டிரெய்ன் குழாய் காய்ந்திருந்தால், அடைப்பும் இல்லையென்றால், காயில் குளிரவே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

கேஸைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: கேஸ் நிரப்பிய அன்றே ஏ.சி. ஜில்லென்று ஆனதைப் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது பொய்யில்லை. ஆனால் கேஸ் நிரப்ப வந்தவர் பெரும்பாலும் ஃபில்டரையும் இரண்டு காயில்களையும் கழுவிவிட்டுத்தான் போகிறார். பலன் எதனால் என்று பிரித்துப் பார்ப்பவர் இல்லை. உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்த எந்திரத்தில், நிரப்பியது அடுத்த கோடைக்குள் அதே ஓட்டை வழியே போகும். இரண்டாம் மறுப்பு மெக்கானிக்கின் கேஜ்: முள் தாழ்ந்து நிற்கிறதே, அது சாட்சியில்லையா? அரைச் சாட்சிதான். எந்திரம் நின்றிருக்கும்போது, உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே சொல்லும், எடையைச் சொல்லாது. ஓடும்போது தாழும் அழுத்தம் அழுக்கு ஃபில்டராலும், அடைத்த கேப்பிலரியாலும், முழு வேகத்தில் ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசராலும்கூட வரும். ஆர்-22 என்ற பழைய கேஸின் காலத்தில் 60, 70 பி.எஸ்.ஐ. என்று மனப்பாடம் செய்ததை ஏறக்குறைய 120ஐ ஒட்டி ஓடும் ஆர்-32 எந்திரத்தில் பொருத்திப் பார்ப்பதும் நடக்கிறது. தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் சும்மாவும் இருக்காது: கண்டன்சரில் திரவமாகத் தேங்கி அழுத்தத்தை உயர்த்தி, பிற்பகல் குளிர்ச்சியை இன்னும் கெடுத்து, கம்ப்ரசரின் ஆயுளையும் குறைக்கும்.

கேஸ் குறைந்தது உறுதியானால் கேள்வி எங்கே கசிகிறது என்பதுதான். புதிதாகப் பொருத்திய அல்லது வீடு மாற்றிய எந்திரத்தில் ஃபிளேர் நட் இணைப்புகளை முதலில் பார்க்க வேண்டும். சோப்பு நுரை தடவினாலே குமிழி காட்டிக்கொடுக்கும். சில ஆண்டுகள் ஓடியதில் இன்டோர் காயில். பிளைவுட் பசை, புதுப் பெயின்ட், சில சுத்திகரிப்புத் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் கரிம அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து செம்புக்குள் எறும்புப் புற்றைப் போலக் கிளை பிரிந்து அரிக்கும். வெளியே ஊசிமுனைத் துளைதான் தெரியும். கடற்கரையில் உப்புக் காற்று அவுட்டோரைத் தின்னும். கழிவுநீர்க் கால்வாய் ஓரங்களில் ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். முறையான வேலை என்றால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, ஓட்டையை அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, பெயர்ப்பலகையில் அச்சிட்ட எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. வாடிக்கையாளர் பார்க்க வேண்டியது அந்தத் தராசைத்தான்.

இதெல்லாம் சும்மா ஏற்றிவிட்டுப் போவதைவிடச் செலவு என்பது உண்மை; வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு வேறாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று கோடைகளின் கேஸ் பணத்தைக் கூட்டினால் வித்தியாசம் கரைந்துவிடும். வெளியேறும் கேஸின் கணக்கும் இருக்கிறது. புவி வெப்பமாதலில் கரியமில வாயுவை 1 என்று வைத்தால் ஆர்-32க்கு 675, ஆர்-22க்கு 1,810, ஆர்-410ஏக்கு 2,088. இவற்றில் ஆர்-32, ஆர்-410ஏ போன்றவற்றைக் குறைக்க 2016இல் உருவான கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது என்பதால், கசியும் எந்திரத்தைத் திறந்து தீச்சுடரால் பற்றவைப்பதும் பழைய காலத்து வேலையாக இருக்க முடியாது. ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22ஐ மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகள் பராமரிப்புக்கான சிறு அளவு தவிர 2030க்குள் கைவிட வேண்டும். அதில் ஓடும் பழைய எந்திரத்தின் காயில் அரித்துப்போயிருந்தால், புதுக் காயிலுக்குச் செலவழிப்பதைவிட எந்திரத்தையே மாற்றுவது பெரும்பாலும் லாபம். ஃபிளேர் நட்டில் மட்டும் கசிவு என்றால் இறுக்கி, எடை பார்த்து ஏற்றி, இன்னும் சில கோடைகள் ஓட்டலாம்.