ஆபீஸில் குழந்தைகள் காப்பகம்: உங்கள் நிறுவனத்துக்குக் கட்டாயமா? சட்டம் என்ன சொல்கிறது?

மகப்பேறு விடுப்பு முதல் 2 குழந்தைகளுக்குத் தலா 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால், நீங்கள் மறுபடியும் ஆபீஸ் போகும்போது குழந்தைக்கு நாலு மாசம்தான் ஆகியிருக்கும். அப்புறம் யார் பார்த்துக்கிறது? அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வர முடியாத வீடுகளில், பல பெண்கள் வேலையை விடுவது இந்த இடத்தில்தான். ஆனால், சட்டத்தில் இதற்கு வேறு வழி இருக்கிறது.

யாருக்குக் கட்டாயம்?

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம் இதைக் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் (பிரிவு 67) இது தொடர்கிறது.

50 என்பது பெண்கள் மட்டுமா?

இல்லை, எல்லா ஊழியர்களும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 30-க்கும் அதிகமான பெண்கள் இருந்தால் மட்டுமே காப்பகம் கேட்டது. பெண்களின் எண்ணிக்கை 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் முதலாளிக்குச் செலவு மிச்சம். ஆண்களையும் சேர்த்து எண்ணும்போது அந்தக் கணக்கு செல்லாது.

ஆபீஸ் கட்டடத்திலேயே இருக்கணுமா?

தேவையில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். பணியிடத்திலோ 500 மீட்டருக்குள்ளோ இருக்கலாம் என்கின்றன மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதல்கள். ஒப்பந்த, தற்காலிக ஊழியர்களின் குழந்தைகளையும் சேர்க்கச் சொல்கின்றன.

குழந்தையை இடையில் போய்ப் பார்க்கலாமா?

தாய்க்கு ஒரு நாளில் 4 முறை அனுமதி உண்டு. ஓய்வு இடைவேளையும் இதில் அடக்கம். அப்பாக்களைப் பற்றி இந்தப் பிரிவு எதுவும் சொல்லவில்லை.

ஓட்டை எங்கே?

வழிகாட்டுதல்கள் பேசுவது 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளைப் பற்றி. நாலு மாசக் குழந்தையோடு திரும்பும் அம்மாவுக்கு நடுவில் 2 மாதம் இடிக்கிறது. அதனால், பிரசவத்துக்கு முன் எத்தனை வாரம் எடுப்பது என்று யோசிக்கும்போதே இதையும் கணக்கில் வையுங்கள். கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் சட்டப் பிரிவு சொல்லவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: காப்பகம் எங்கே இருக்கிறது? எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள்? எத்தனை மணி வரை திறந்திருக்கும்? கட்டணம் யாருடையது? 'டை-அப் இருக்கு' என்று மட்டும் பதில் வந்தால், இடத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வசதியே இல்லையென்றால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

அப்பாக்களும் கேளுங்கள். 50 என்ற எண்ணிக்கையில் நீங்களும் இருக்கிறீர்கள்.