தாளை எரித்தவருக்கு மூன்றாண்டு: 1957 சட்ட எரிப்புத் தண்டனைகளின் நியாயம் குறித்து

1957 நவம்பர் 26 அன்று தமிழகத்தின் பல ஊர்களில் திராவிடர் கழகத் தொண்டர்கள் இந்திய அரசியல் சட்டத்தின் சில பிரிவுகள் அச்சிட்ட தாளைத் தெருவில் வைத்துக் கொளுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். சில மாதங்களில் தொடங்கி 3 ஆண்டு வரை அவர்களுக்குச் சிறை விதிக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் விருதுநகர் காமராஜர். வெள்ளையர் ஆட்சியில் ஏறத்தாழ 9 ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்கிறது இக்கட்டுரை. அரசியல் எதிர்ப்பாளர்களுக்கு விதிக்கப்படும் நீண்ட தண்டனை அவர்கள் செய்த தீங்கை அளப்பதில்லை. ஆட்சியின் அச்சத்தையே அளக்கிறது. அந்த அச்சம் அந்நிய ஆட்சிக்கு மட்டும் உரியதன்று. சிறைச்சோறு தின்றவர் நடத்திய ஆட்சிக்கும் அது வந்தது.

மல்லாங்கிணற்றிலிருந்து இதை எழுதுவது எளிதன்று. விருதுநகரைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் காமராஜர் வெறும் தலைவர் அல்லர். தீப்பெட்டி ஆலைக்குப் போக இருந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர், மதியச் சோறு போட்டவர் என்று சொல்லும் வீடுகள் இங்கு உண்டு. அந்த நன்றி எனக்கும் உண்டு. நன்றி உள்ள இடத்தில்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். மோசமான ஆட்சியாளர் கடுமையாகத் தண்டித்தார் என்பதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. நல்லவர் ஆட்சியிலும் அதுவே நடந்தது என்றால், தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பியிராத ஒரு பாதுகாப்பு சட்டத்துக்குள்ளேயே தேவைப்படுகிறது என்று பொருள்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 1957 நவம்பர் 3 அன்று தஞ்சையில் கூடிய திராவிடர் கழக மாநாடு, சாதிக்குக் காப்பாக இருப்பதாகத் தான் கருதிய பிரிவுகளை நீக்க வேண்டும், இல்லையேல் அவற்றை எரிப்போம் என்று அறிவித்தது. தீண்டாமையைச் சட்டம் ஒழித்துவிட்டது, சாதியை ஒழிக்கவில்லை என்பது கழகத் தலைவர் பெரியாரின் வாதம். எரிப்பதற்குத் தேர்ந்த நாள், 1949இல் அரசியல் நிர்ணய சபை அந்தச் சட்டத்தை ஏற்ற அதே நவம்பர் 26. அரசியல் சட்டத்தை எரிப்பதற்கெனத் தனியாக ஒரு தண்டனை அதுவரை இருக்கவில்லை. அறிவிப்புக்கும் எரிப்புக்கும் இடைப்பட்ட மூன்றே வாரத்தில் சென்னைச் சட்டமன்றம் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை இயற்றி முடித்தது. உச்சத் தண்டனை 3 ஆண்டு.

சட்டம் பின்தேதியிட்டு வந்ததன்று, ஆகவே அநீதி இல்லை என்று சொல்ல இடமுண்டு. உண்மைதான், தொண்டர்கள் தண்டனை இன்னதென்று தெரிந்தே எரித்தார்கள். ஆனால் பொதுவான ஒரு தீங்கைக் கருதாமல், குறித்த ஓர் இயக்கம் குறித்த ஒரு நாளில் செய்யப்போவதைக் கருதி இயற்றப்படும் சட்டத்தில் தண்டனையின் அளவு எங்கிருந்து வந்திருக்கும்? வழக்குகளின் அனுபவத்திலிருந்து வர வழியில்லை, ஏனெனில் வழக்கே இல்லை. ‘எவ்வளவு வைத்தால் இவர்கள் அஞ்சுவார்கள்’ என்ற கணக்கிலிருந்துதான் வந்திருக்க முடியும்.

தொண்டர்கள் பயந்துவிடவில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் நடந்துகொண்ட முறை தனியாகக் கவனிக்கத்தக்கது. வக்கீல் வைக்கவில்லை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஒரே மாதிரியான வாக்குமூலத்தைக் கொடுத்தார்கள்: எரித்தது உண்மை, சாதி ஒழிப்புக்காக எரித்தேன், யாருக்கும் எதற்கும் சேதமில்லை, குற்றமென்று கருதினால் தண்டனையை ஏற்கிறேன் என்பது அதன் சாரம். எதிர்வாதமே இல்லாத வழக்கில் மாஜிஸ்திரேட்டின் முன் இருப்பது அரசுத் தரப்பு மட்டும். தண்டனையின் நியாயம் முழுவதும் அவருடைய மனச்சாட்சியின் மேல் வந்து விழுகிறது. அப்போது ஒரே செயலுக்கு ஒரு நீதிமன்றத்தில் சில மாதமும் வேறொன்றில் 3 ஆண்டும் கிடைத்தன என்றால், அந்த வேறுபாட்டை எரித்தவரின் செயலைக்கொண்டு விளக்க முடியாது. ஒரே தாள், ஒரே நாள், ஒரே வாக்குமூலம். மாறியது யார் முன்னால் நிறுத்தப்பட்டார் என்பது மட்டுமே.

சிறைக்குப் போனவர்களில் பலர் கூலி விவசாயிகள், கைத்தொழில் செய்பவர்கள். திருச்சி மத்திய சிறையில் பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி ஆகிய இருவர் 1958 மார்ச்சில் அடுத்தடுத்து இறந்தார்கள். பெரியார் அப்போது சிறையில் இருந்தார். சடலங்களைக் கொடுக்கச் சிறை நிர்வாகம் மறுத்தபோது பெரியாரின் துணைவியார் மணியம்மையார் முதலமைச்சர் வரை சென்று பேசிப் பெற்றுவந்தார். திருச்சித் தெருக்களில் இறுதி ஊர்வலத்தை முன்னின்று நடத்தினார். நீதிமன்றம் எழுதியது சிறைக்காலம் மட்டும். அந்த இருவரும் அனுபவித்தது அதுவன்று. தண்டனைக் காலத்தைப் பற்றிப் பேசும்போது சிறைக்குள் அந்தக் காலம் எப்படிக் கழிகிறது என்பதைப் புறத்தே தள்ளிவிட முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இங்கு ஓர் ஒப்பீட்டைச் சொல்லியாக வேண்டும். அரசின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மாதங்களில் பெரியார் பேசிய சில பேச்சுகள் பிராமணர்கள் மீதான வன்முறைச் சொற்களைக் கொண்டிருந்தன. அவற்றை நியாயப்படுத்த முடியாது. அவற்றுக்காக வேறு பிரிவுகளில் தனி வழக்கும் நடந்தது. அந்த வழக்கில் 1957 டிசம்பரில் பெரியாருக்குக் கிடைத்தது 6 மாதம். ஆக, மனிதர்களுக்கு எதிராக வன்முறையைத் தூண்டியதாகத் தீர்ப்பான பேச்சுக்கு 6 மாதம். தாளை எரித்த தொண்டனுக்கு 3 ஆண்டு வரை. தீங்கை அளவுகோலாக வைத்த எந்த நீதிமுறையிலும் இந்த வரிசை தலைகீழானது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு ஒப்பீடும் தோன்றும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஏறத்தாழ 40 பேர் கருகி இறந்தார்கள். பட்டாசு விபத்து வழக்குகளில் 10 ஆண்டு வரை விதிக்கக்கூடிய கொலையாகாத மரணப் பிரிவும் போடப்படுவதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கவனக்குறைவால் உயிர்போகச் செய்ததற்கென்றே இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவின் உச்சம் 2 ஆண்டுதான். 1957இலும் அதுவே, 2012இலும் அதுவே. புதிய நியாயச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது 5 ஆண்டானது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அஜாக்கிரதையால் ஓர் உயிரைப் போக்குவதைவிட அச்சிட்ட தாளை எரிப்பது பெரிய குற்றமாக ஏட்டில் இருந்திருக்கிறது. 1971இல் நாடாளுமன்றம் இயற்றிய இதே பெயருள்ள மத்தியச் சட்டத்திலும் கொடியையோ அரசியல் சட்டத்தையோ எரித்தால் உச்சம் அதே 3 ஆண்டு.

தீங்கோடு பொருந்தாத இத்தகைய தண்டனைக்கு முன்மாதிரி நம் தென் மாவட்டங்களிலேயே இருந்தது. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது 40 ஆண்டு நாடுகடத்தல் விதித்தார். ஒன்று அவருடைய பேச்சுக்கு, மற்றது சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. சிவாவுக்கோ 10 ஆண்டு. உடந்தைக்கு 20, முதன்மைக் குற்றத்துக்கு 10 என்ற இந்தக் கணக்கு எந்தக் குற்றவியல் தருக்கத்துக்கும் அடங்காது. வ.உ.சி. கப்பல் விட்டவர், கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றவர், மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலி பற்றியெரிந்தது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் புரியும். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லிக்கே இது பொறுக்கவில்லை. இந்தத் தண்டனைகள் நிற்கமாட்டா, மிகையான கடுமை அமைதிக்கு வழியாகாது, வெடிகுண்டுக்கே வழியாகும் என்ற கருத்தில் வைசிராய் மிண்டோவுக்கு எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையையும் கடந்து 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார்.

1911இல் மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் வாஞ்சிநாதனால் கொல்லப்பட்டதை மார்லியின் எச்சரிக்கைக்கு நேர்ச் சான்றாகக் காட்டுவது வழக்கம். வாஞ்சிநாதன் விட்டுச்சென்ற கடிதத்தின் குரல் வேறு, அதில் வருணப் பற்றும் கலந்திருக்கிறது. ஆகவே அந்தக் கொலையை வ.உ.சி. தண்டனையின் விளைவென்று மட்டும் எழுதுவது சரியாகாது. கடுந்தண்டனை எதிர்ப்பை அடக்குமா என்பதற்கு 1957இன் வரலாறே தெளிவான விடை தருகிறது. மூன்றாண்டு கழிவதற்குள், 1960 ஜூனில், அதே இயக்கம் தமிழ்நாடு நீங்கலான இந்திய வரைபடத்தை எரித்தது.

கடுந்தண்டனைக்கு ஆதரவான வலுவான வாதம் அச்சுறுத்தல் அன்று, ஜனநாயகம். வ.உ.சி.க்கு வாக்குரிமை இல்லை, அவர் எதிர்த்த ஆட்சியை மாற்ற வேறு வழியும் இல்லை. 1957இல் வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு இருந்தது. சட்டத்தைத் திருத்த வழி இருந்தது. வழி இருக்கும்போது மீறுபவர் கூடுதலாகத் தண்டிக்கப்படத் தக்கவர் அல்லவா? மேலும் அந்தச் சட்டம் ஒடுக்கப்பட்டவர்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த கேடயம். அதை எரிப்பது அவர்களைப் புண்படுத்தாதா? இந்த இரண்டாம் கேள்வி எனக்குக் கனமாகவே படுகிறது. ஆனால் அந்தச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கரே 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில், அதை எரிக்கும் முதல் ஆளாக நானே இருப்பேன் என்ற பொருள்படப் பேசினார். கேடயம் தந்தவரின் ஏமாற்றமும் எரித்தவரின் கோபமும் ஒரே திசையில் பாய்ந்தவை. எரிப்பு தவறு என்று வாதிடலாம், சிறு தண்டனையும் விதிக்கலாம். சாதி ஒழியவில்லை என்ற கூற்றுக்கு 3 ஆண்டு விடையாகாது.

முதல் கேள்விக்கு என் விடை இது. வாக்கு இருக்கிறது என்பதால் மீறலுக்குத் தண்டனையே கூடாது என்று யாரும் கேட்கவில்லை, எரித்தவர்களும் கேட்கவில்லை. ஒளியாமல் செய்து, ஓடாமல் நின்று, தண்டனையைத் தலைகொடுத்து ஏற்பவர் சட்டத்தின் அதிகாரத்தை மறுக்கவில்லை. அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியையே மறுக்கிறார். 1930இல் உப்பு சத்தியாக்கிரகத்தில் 2 ஆண்டு தண்டனை பெற்று அலிப்பூர்ச் சிறைக்குப் போன காமராஜரின் நிலையும் இதுதான். பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் 2006இல் நீதிபதி ஹாஃப்மன் இதை ஒரு பரஸ்பர மரபாகவே விளக்கினார்: எதிர்ப்பவர் அளவோடு மீறித் தண்டனையை ஏற்க வேண்டும், நீதிமன்றம் அவர் மனச்சாட்சியைக் கருதித் தண்டனையைத் தணிக்க வேண்டும். அந்த மரபு அங்கும் தேய்ந்துவிட்டது. 2024 ஜூலையில் எம்25 நெடுஞ்சாலையை மறிக்கத் திட்டமிட்டதற்காகச் சூழலியல் போராளி ரோஜர் ஹாலமுக்கு 5 ஆண்டு விதித்தார்கள். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது 4 ஆனது.

நம்மிடம் அந்த மரபு இருந்ததா? ஆளைப் பொறுத்து இருந்தது. 1963 நவம்பரில் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கத் திட்டமிட்ட அண்ணாவுக்கு டிசம்பரில் கிடைத்தது 6 மாதம். எரிக்கும் முன்பே கைதானார் என்ற வேறுபாடு உண்மைதான், அதற்கு ஓரளவு எடை கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் அப்போது அவர் மாநிலங்களவை உறுப்பினர்; நாடறிந்த தலைவர். பெயர் தெரிந்தவருக்குக் கிடைக்கும் அளவு பெயர் தெரியாதவருக்குக் கிடைப்பதில்லை.

தீர்ப்பே இல்லாமல் சிறை என்பது இன்று அதைவிடப் பெரிய கேடாகிவிட்டது. 2017 மே மாதம் மெரினாவில் ஈழத்தமிழர் நினைவேந்தலுக்குக் கூடியதற்காகத் திருமுருகன் காந்தி, குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்துசெய்யும் வரை உள்ளே இருந்தார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபரில் உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, நடுக்குவாத நோயோடு ஜாமீன் கேட்டுக்கொண்டே 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் மும்பையில் இறந்தார். அவர் மீதான வழக்கு விசாரணைக்கே வரவில்லை. 3 ஆண்டு அதிகம் என்று வாதாடவாவது 1957இல் ஒரு தீர்ப்பு இருந்தது.

தீர்ப்பு வரும் வழக்குகளில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தத்தான் ஆளில்லை. 1957இல் நடைமுறையில் இருந்த 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் உறுதியான பின் தண்டனையின் அளவு பற்றித் தனியாகக் கேட்கும் கட்டம் கிடையாது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொண்டுவந்தது; இப்போதைய சட்டத்திலும் அது நீடிக்கிறது. பெரும்பாலான விசாரணை நீதிமன்றங்களில் ‘என்ன சொல்கிறாய்?’ என்ற ஒரு கேள்வி, ‘வயசான அம்மா இருக்காங்க, குறைச்சுக் கொடுங்கய்யா’ என்ற ஒரு பதில், அதோடு அந்தக் கட்டம் முடிகிறது. போராட்ட வழக்குகளிலாவது நீதிபதி அங்கே மூன்று விடைகளைத் தீர்ப்பில் எழுதியாக வேண்டும் என உயர்நீதிமன்றங்கள் வகுக்கலாம்: இச்செயலால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, இதே செயலுக்கு இம்மாநிலத்தின் பிற நீதிமன்றங்கள் என்ன விதித்தன, இதைவிடக் கூடுதலான தீங்குக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சம் எவ்வளவு. எதிர்வாதம் செய்ய மறுத்து நிற்பவரின் வழக்கிலும் இந்தக் கடமை நீதிபதிக்கு உண்டு என்று அந்த விதியில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.